வேலை பார்த்த பூனையும் வைத்தியத்துக்கு வந்த பூனையும்

பத்தாயம் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுப் பூனை உத்தியோகம் பார்த்தது. திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம். சம்பா அறுவடை முடிந்தால் கூடத்தில் பத்தாயம் நிரம்பும், கொல்லையில் வைக்கோல் போர் ஏறும், இரண்டையும் தேடி எலி வரும். வயல் எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைக்க ஆள் வருவார். வீட்டு எலி பூனையின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ராத்திரி மிஞ்சிய மோர்ச்சோறு, மீன் வாங்கிய அன்றைக்குக் குடலும் செதிளும், அவ்வளவுதான். பெயர்கூட வைக்கவில்லை. வா என்று கூப்பிட அவசியம் வரவில்லை. போ என்று விரட்ட 'சூ' போதுமாக இருந்தது.

அதற்கும் தெள்ளு இருந்தது. வைக்கோல் போரில் குட்டி போட்டுப் பரணில் தூங்குகிற பூனைக்குத் தெள்ளு இல்லாமல் இருக்குமா? அது கழுத்தைச் சொறிந்துகொண்டது, நாங்கள் கணுக்காலைச் சொறிந்துகொண்டோம், யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வைத்தியத்துக்கு மாட்டாஸ்பத்திரி இருந்தது. பெயரைச் சொன்னாலே யாருக்கு அனுமதி என்று தெரிந்துவிடும். பூனையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் டாக்டர் முதலில் எங்களைத்தான் சோதித்திருப்பார். இத்தனைக்கும் மிருக வைத்தியம் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜியின் தன்வந்திரி மகாலில் மனிதருக்கும் மிருகங்களுக்கும் மருந்து தயாரித்தார்கள். சரசுவதி மகால் நூலகத்தில் கஜ சாஸ்திரமும் அசுவ சாஸ்திரமும் இருக்கின்றன. யானையும் குதிரையும் ராஜா ஏறுகிற மிருகங்கள். பூனை ராஜாவின் மடியில் ஏறுகிற மிருகம். அதற்கு யார் சாஸ்திரம் எழுதுவார்கள்?

ஒரு முறை மட்டும் எங்கள் வீட்டில் பூனைக்கு வைத்தியம் நடந்தது. 1960-61-ல் தீவிர விவசாயத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதன் பின்னாலேயே ஏ.டி.டி. 27 நெல்லும் யூரியாவும் பூச்சிமருந்தும் ஊருக்குள் வந்தன. சித்தப்பா வயலுக்கு வாங்கும் பி.எச்.சி. தூள் வீட்டுக்கும் சர்வரோக நிவாரணி. துணியில் முடிந்து தட்டுவார்: மாட்டு உண்ணிக்கு, கட்டில் மூட்டைப்பூச்சிக்கு, கடைசியில் மிச்சமிருந்ததைப் பூனைக்கு. "ஒரு தெள்ளு மிஞ்சாது பாரு" என்றார். மிஞ்சவில்லைதான். ஆனால் பூனை, மேலே விழுந்ததையெல்லாம் நக்கியே சுத்தம் செய்கிற பிராணி. தோலில் போட்ட மருந்து வயிற்றில்தான் போய்ச் சேரும். மறுநாள் பூனையைக் காணோம். "பூனைன்னா அப்படித்தான், வீடு மாறிடும்" என்று சித்தப்பா விளக்கம் கொடுத்தார். அந்தத் தூளுக்கு இந்தியாவில் தடை வந்தது 1997-ல்.

இப்போது இருப்பது தஞ்சாவூரில், மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம். பத்தாயம் இல்லை. மெஷின் அறுத்த நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. சாப்பாட்டு அரிசி கடையிலிருந்து மூட்டையாக வருகிறது. எலியை நேரில் பார்த்தே அறியாத பூனைக்கு என் மகள் வைத்த பெயர் லட்டு. வேலை எதுவும் இல்லை, மருத்துவச் சலுகை முழுமையாக உண்டு. அதன் தடுப்பூசி அட்டை என் சர்க்கரை ஃபைலைவிட ஒழுங்காக இருக்கிறது.

லட்டுவுக்குத் தெள்ளு வந்தது. வால் அடியில் கறுப்பு மிளகுத்தூளாக உதிர்ந்ததை மகள் ஈரத் துணியில் வைத்துக் காட்டினாள், சிவப்பாகக் கரைந்தது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். நாய்க்கான மருந்தையே அளவைக் குறைத்துப் போடலாமே என்றேன். "கொன்னுடுவீங்கப்பா" என்று மகள் தடுத்தாள். நாய்க்கான சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. வலிப்பு வந்து செத்தே போகலாம்.

தெள்ளை விழுங்கும் பூனைக்கு அதன் வழியாக நாடாப்புழுவும் வரும் என்பதால் மாத்திரை வேறு. நெத்திலிக் கருவாட்டுக்குள் மறைத்து வைத்தோம். கருவாடு போயிற்று, மாத்திரை துடைத்து வைத்த தட்டில் பளபளவென்று கிடந்தது. பொடித்துப் பாலில் கலந்தோம். பாலை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் சித்தப்பாவின் குற்றமும் சேர்ந்திருந்தது. துண்டில் சுற்றி வாயைத் திறந்தால் நுரை தள்ளியது. என் கையில் போட்ட தையலுக்கு ஆஸ்பத்திரியில் காரணம் கேட்டபோது, கதவு என்று சொல்லிவிட்டேன்.

பிடரியில் விடும் சொட்டு மருந்தின் விலையைப் பார்த்துவிட்டு, ஊரில் விவசாயம் பார்க்கும் சித்தப்பா மகன் சிரித்தான். "ஃபிப்ரோனில்தானேண்ணே? குருத்துப்பூச்சிக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ குருணை வீசுறேன். மிச்சம் கிடக்கு, கொண்டாரவா?" வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். மருந்து ஒன்றுதான். அவன் குருணையில் இருப்பது 0.3 சதவீதம், பத்துக் கிலோவுக்கு 30 கிராம். லட்டுவின் அரை மில்லி குழாயில் ஏறத்தாழ 50 மில்லிகிராம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு வீசுவது அறுநூறு பூனைக்குக் காணும். ஆனால் வயலுக்குச் செய்த சரக்கு வேறு, தோலுக்குச் செய்த சரக்கு வேறு. அந்த வித்தியாசம் தெரியாததால்தான் அவன் அப்பா காலத்துப் பூனை வீடு மாறியது.

கடைசியில் ஒரத்தநாட்டுக்குப் போனோம். 2012 முதல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆடு மாடுகளின் வரிசையில் கூடைக்குள்ளிருந்து லட்டு சத்தம் போட, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இளம் டாக்டரம்மா, பூனை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே பிடரி முடியை விலக்கிச் சொட்டை விட்டார். நாக்கு எட்டாத இடம் அது. பிறகு என்னைப் பார்த்து, "வீட்ட என்ன சார் பண்ணீங்க?" என்றார். "நான் ஒண்ணும் பண்ணலையேம்மா" என்றேன். "அதான் சார். தெள்ளுல நூத்துக்கு அஞ்சுதான் பூனை மேல இருக்கும். மிச்சம் முட்டையும் புழுவும் கூடுமா உங்க வீட்ல இருக்கு."

ஒரு பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். அவை உருண்டு பாய்க்கும் மெத்தைக்கும் தரையிடுக்குக்கும் போகும். கூட்டுக்குள் போனவை மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வும் உடம்புச் சூடும் உணர்ந்தால் வெளியே குதிக்கும். அதனால் சொட்டு மருந்து மூன்று மாதமாவது தொடர வேண்டும். படுக்கையைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். வீட்டை மூலை முடுக்கெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும்.

கிராமத்து வீட்டில் அப்பாயி செய்தது இந்தச் சுத்தத்தைத்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் பாய், தலையணை, கோணி எல்லாம் முற்றத்து வெயிலுக்கு வரும். பத்தாயத்தின் அடிவரை துடைப்பம் போகும். சாணி போட்டு மொழுகி வெடிப்பு அடைபடும். நடுவில் படுத்திருக்கும் பூனைக்கும் துடைப்பத்தால் ஒன்று விழும். எல்லாம் மகாலட்சுமி வருவதற்காக. பூனைக்காக என்று யாராவது சொல்லியிருந்தால் துடைப்பம் அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். தெள்ளின் தொண்ணூற்றைந்து பங்கைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டிருந்த ஒரே வைத்தியர் அவர். அது அவருக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது.

எங்கள் சோபா மெத்தை வாங்கிய நாளிலிருந்து வெயில் கண்டதில்லை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மாடிக்கு ஏறுகிறது. வாக்குவம் க்ளீனர் கட்டிலடி வரை போகிறது, அதன் பை அன்றைக்கே குப்பைக்குப் போகிறது. வீட்டைத் திடீரென்று இப்படிக் கழுவுகிறீர்களே என்று பக்கத்து வீட்டார் கேட்டால், வெள்ளிக்கிழமை, மகாலட்சுமி வருகிற நாள் என்று சொல்லிவிடுகிறேன். பூனைக்காக என்று தெரிந்தால் சித்தப்பா மகன் திருவையாறு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.