பேராசிரியரைப் பேட்டி காண்பது எப்படி: புத்தகத்தைத் திறக்காதவர்களுக்கு ஒரு முழுமையான கையேடு

அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பல வருடங்கள் ஆவணக் காப்பகங்களில் தூசி தின்று 700 பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறார். அந்தப் புத்தகமோ மூன்று வாரமாக உங்கள் மேசையில், காபிக் கோப்பைக்கு அடியில் கிடக்கிறது. பதற வேண்டாம். இந்தத் தொழிலில் இது சகஜம்.

முதலில் அட்டையைப் பாருங்கள். அமெரிக்க வரலாற்று நூல்களுக்குப் பெரும்பாலும் இரட்டைத் தலைப்பு. முன்னால் கவித்துவமாக இரண்டு மூன்று சொல், பிறகு ஒரு முக்காற்புள்ளி, அதற்கப்புறம் யார், எங்கே, எப்படி அமெரிக்காவையே மாற்றினார்கள் என்ற மொத்தக் கதையும். முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியைப் பேராசிரியரே தாண்டிக் காட்டுவார். அவரால் சும்மா இருக்க முடியாது.

அடுத்து நன்றியுரை. மனைவியின் பொறுமை, ஆவணக் காப்பாளரின் பெயர், வீட்டு நாயின் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். நாயை நலம் விசாரித்துப் பேட்டியைத் தொடங்குங்கள். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டீர்கள் என்று அவர் உருகிப் போவார்.

புத்தகம் லிங்கனைப் பற்றியது என்றால் வேலை இன்னும் சுலபம். வாஷிங்டனில் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்குக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில், அவரைப் பற்றிய நூல்களை அடுக்கி 34 அடி உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அதில் இருப்பவை நிஜப் புத்தகங்கள் அல்ல, அலுமினியத்தில் செய்து அட்டைப்படம் அச்சிட்டவை. பேட்டியாளர்களின் தேவையை இத்தனை துல்லியமாகப் புரிந்துகொண்ட நூலகம் வேறு கிடையாது. ‘இத்தனை இருக்கும்போது இன்னொன்று எதற்கு?’ என்று கேளுங்கள். பன்னிரண்டு நிமிடம் ஓடிவிடும்.

கேள்வி எப்போதும் நீளமாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரிக் காலத்தில் தொடங்குங்கள். நடுவில் டோக்வில் பெயரை ஒருமுறை உச்சரியுங்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர் 1831இல் அமெரிக்கா வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பற்றி ஏதாவது எழுதி வைத்திருப்பதால் எங்கும் பொருந்துவார். மூன்று கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டு, ‘இல்லையா?’ என்று முடியுங்கள். பேராசிரியர் ‘அருமையான கேள்வி’ என்பார். மூன்றில் எதை விட்டுவிடலாம் என்று யோசிக்க அவர் எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது.

பேச்சு தளர்ந்தால், ‘ஜெபர்சன் இன்று உயிரோடு இருந்தால் என்ன சொல்வார்?’ என்று கேட்டுவிடுங்கள். செத்தவர் எழுதிய கடிதத்தைப் படிக்கப் பழகியவரை உடுக்கையடித்துக் குறி சொல்லும் கோடாங்கியாக மாற்றிவிடும் கேள்வி இது. அவர் நெளிவார். நேயர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

பிரையன் லாம்பை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். கேபிள் நிறுவனங்களின் காசில், நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் காட்டுவதற்காக 1979இல் சி-ஸ்பான் அலைவரிசையைத் தொடங்கிய மனிதர் அவர். 1989 முதல் 2004 வரை ‘புக்நோட்ஸ்’ என்ற நிகழ்ச்சியில் வாரம் ஒரு எழுத்தாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். கறுப்புப் பின்னணி, இரண்டு நாற்காலி, விளம்பரம் கிடையாது. சுமார் 800 பேர், யாருக்கும் இரண்டாவது அழைப்பு இல்லை. விபரீதம் என்னவென்றால், அத்தனை புத்தகங்களையும் முழுக்கப் படித்தார். பக்க ஓரங்களில் குறிப்பு எழுதினார். அந்தப் பிரதிகள் இப்போது ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சாட்சியாக இருக்கின்றன.

இவ்வளவு படித்தவர் என்ன கேட்டார்? எங்கே பிறந்தீர்கள். அப்பா என்ன வேலை பார்த்தார். நீங்கள் சொன்ன அந்த ஆள் யார். எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள். ஒன்றும் தெரியாத சிறுவன் கேட்பது போல நாலைந்து சொல்தான். தன் மேதைமையைக் காட்ட வாய்த்த அத்தனை வாய்ப்புகளையும் பதினைந்து வருடம் வீணடித்த மனிதர். விளைவு? அரசியலமைப்புச் சட்ட வரலாற்றில் பெரிய பெயரான ஃபாரஸ்ட் மக்டொனால்ட் 1994இல் வந்தபோது, எழுதும் பழக்கத்தைப் பற்றிப் பேச்சு போனது. அலபாமாவில் ஒதுக்குப்புறமான வீடு, வெக்கை வேறு, பெரும்பாலும் உடையில்லாமல்தான் எழுதுவேன் என்று மனிதர் சாவகாசமாகச் சொல்லிவிட்டார். நீளமான கேள்வி கேட்டிருந்தால் இந்தத் தகவலிலிருந்து நாடு தப்பித்திருக்கும்.

மௌனமும் ஆபத்து. அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் வாழ்க்கையை எழுதிவரும் ராபர்ட் காரோ, பேட்டி எடுக்கும்போது தன் குறிப்பேட்டில் அடிக்கடி ‘எஸ்.யு.’ என்று எழுதிக்கொள்வாராம். ‘ஷட் அப்’, அதாவது ‘வாயை மூடு’ என்று தனக்கே தரும் உத்தரவு. ஜான்சனின் தம்பி சாம் ஹூஸ்டன் ஜான்சன் முதலில் சவடால் கதைகளாக அளந்துகொண்டிருந்தார். காரோ அவரை டெக்சாஸில் அவர்கள் வளர்ந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டு மேசையில் சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காரவைத்தார். தான் அவர் கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அப்பாவும் அண்ணனும் போட்ட சண்டைகளைச் சொல்லச் சொன்னார். நிஜம் கொட்டியது. முன்பு சொன்ன வேடிக்கைக் கதைகளையும் மறுபடி சொல்லுங்கள் என்று காரோ கேட்டபோது தம்பியால் முடியவில்லை. அவை நடந்ததே இல்லை. உங்களுக்கு எதற்கு இந்த வம்பு? பேட்டியாளர் முகம் திரையில் தெரியாவிட்டால் நிகழ்ச்சிக்கு என்ன அழகு?

இசபெல் வில்கர்சன், தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்த கறுப்பின மக்களைப் பற்றி எழுத 1,200 பேருக்கு மேல் பேட்டி எடுத்து, கடைசியில் மூன்று பேரின் கதையைத் தேர்ந்துகொண்டார். அவர் 1,200 பேர் பேசுவதைக் கேட்டாயிற்று. நீங்கள் அவர் ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

அடிக்குறிப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். மைக்கேல் பெல்லிசைல்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 2000இல் ஒரு புத்தகம் எழுதினார். உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சொற்பம் என்பது அவர் வாதம், இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள் அவர் காட்டிய முக்கியச் சான்றுகளில் ஒன்று. கைதட்டல் கிடைத்தது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் பரிசும் கிடைத்தது. வேலையற்ற சிலர் அந்தப் பட்டியல்களைத் தேடிப் போனார்கள். அவர் பார்த்ததாகச் சொன்ன சான்பிரான்சிஸ்கோ ஆவணங்கள் 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோனவை என்று தெரிந்தது. 2002இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள், அவர் பேராசிரியர் வேலையையும் விட்டார். ‘இதை எங்கே பார்த்தீர்கள்?’ என்ற ஒற்றைக் கேள்வி ஒரு நல்ல மாலைப் பொழுதை எப்படிக் கெடுத்துவிடும் பாருங்கள்.

முடிக்கும்போது, ‘அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?’ என்று கேட்பது மரபு. இந்தப் புத்தகத்தைப் பற்றி இனி கேட்க உங்களிடம் ஒன்றுமில்லை என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. காரோவிடம் இது செல்லாது. ஜான்சன் வரலாற்றின் முதல் பாகம் 1982இல், நான்காவது 2012இல். அவர் 1935இல் பிறந்தவர். ஐந்தாவது எப்போது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் கேட்டு வையுங்கள்.

கிளம்பும் முன் கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டுவீர்கள் அல்லவா? புதுக் கெட்டி அட்டைப் புத்தகம் முதன்முதலாகத் திறக்கும்போது முதுகு நெரிபடும் சத்தம் எழுத்தாளர்களுக்கு நன்றாகவே தெரியும். முந்தின இரவே நாலைந்து இடத்தில் விரித்து அழுத்தி வைத்துவிடுங்கள்.