ஈயத்துக்கும் தங்கத்துக்கும் ஒரே பந்தி

ஒரு துண்டு இரும்பு எவ்வளவு சூட்டை விழுங்கும்? இதை அறிய 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் விஞ்ஞானிகள் லவாய்சியேயும் லாப்லாஸும் ஒரு தொட்டிப் பனிக்கட்டியோடு மல்லுக்கட்டினார்கள். சூடாக்கிய உலோகத்தை நடுக் கூண்டில் போட வேண்டியது. பனி உருகி வழியும் தண்ணீரை நிறுக்க வேண்டியது. அறைச்சூடு உள்ளே புகாமலிருக்க வெளியே இன்னொரு சுற்றுப் பனி. உருகிய தண்ணீரில் கொஞ்சம் பனித்துண்டுகளின் இடுக்கில் பதுங்கித் தராசுக்கே வராது. கோடை வந்தால் ஆராய்ச்சிக்கு விடுமுறை. அந்தக் கூண்டுக்குள் ஒரு கினிப் பன்றியையும் உட்கார வைத்தார்கள். அதனிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

லவாய்சியேக்கு வரி வசூல் குத்தகையிலும் பங்கு இருந்தது. 1794-ல் புரட்சிக்காரர்கள் அந்தக் கணக்கைத் தலையோடு தீர்த்தார்கள். லாப்லாஸ் தப்பி, 1799-ல் உள்துறை அமைச்சரானார். ஆறே வாரத்தில் நெப்போலியன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

உலோகங்களின் சூட்டை அளக்க அடுத்து வந்தவர் துலோங். 1811-ல் நைட்ரஜன் டிரைகுளோரைடு வெடித்து ஒரு கண்ணும் விரல்களும் போனவர். 'இனி ஆபத்தில்லாத வேலை' என்று நினைத்தாரோ என்னவோ, பெத்தி என்ற இளைஞருடன் சேர்ந்து உலோகங்கள் ஆறுவதை வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். உலோகப் பொடியைச் சின்ன வெள்ளிக் குப்பியில் அடைத்து, நடுவில் வெப்பமானியைச் செருகி, எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்று கடிகாரம் பார்ப்பதுதான் முறை. கைவசம் உலோகம் கொஞ்சமே இருந்தாலும் போதும்.

1819-ல் கிடைத்த முடிவு: எடைக்கு எடை பார்த்தால் இரும்பு பெருந்தீனிக்காரன், தண்ணீரை ஒன்று என்று வைத்தால் 0.1100. ஈயம் வெறும் 0.0293. ஆனால் அணு எடையால் பெருக்கினால் பேதமே இல்லை. தங்கமோ ஈயமோ, பந்தியில் ஒவ்வோர் அணுவுக்கும் ஒரே அளவு சோறு!

பெருக்கியதும் சில உலோகங்கள் அடம்பிடித்தன. பிழை எங்கே? வேதியியலாளர் பெர்சீலியஸ் பாடுபட்டு அளந்த அணு எடைகளில்தானாம்! பலவற்றைக் கூசாமல் பாதியாக்கினார்கள். கேட்டால் திமிர்தான். கூத்து என்னவென்றால், பல இடங்களில் அந்தத் திமிர் சரியாக இருந்தது. 1826-ல் பெர்சீலியஸே பல எடைகளைத் திருத்திக்கொண்டார். அதைப் பார்க்கப் பெத்தி இல்லை. 1820-லேயே, முப்பது வயதுகூட ஆகாமல், காசநோயில் போய்விட்டார்.

இந்த 'ஒரே அளவு' விதியை மதிக்காதது வைரம். சாதாரண அறைச்சூட்டில் கால்பங்கு போதும் என்று எழுந்துவிடும். ஏன் என்று சொல்ல 1907-ல் பெர்ன் காப்புரிமை அலுவலக ஊழியர் ஒருவர் வர வேண்டியிருந்தது. வைர அணுவின் அதிர்வு ஆற்றலைச் சில்லறையாக வாங்காது, பெரிய நோட்டாகத்தான் வாங்கும் என்றார் ஐன்ஸ்டைன். அறைச்சூட்டிடம் அவ்வளவு பெரிய நோட்டு அபூர்வம்.