மலையடிவாரத்தில் ஒரு சமுத்திரம்

கேள்வி: வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மாண்டரின் மீனையும் கடற்குதிரையையும் சேர்த்து வளர்க்கலாமா?
– ஒரு வாசகர், சந்தவாசல்

பதில்: ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்துகொண்டு சமுத்திரத்தையே வீட்டுக்கு வரவழைக்க எண்ணும் தங்கள் தைரியத்தை மெச்சுகிறேன். குணத்தில் இவ்விரண்டுக்கும் பத்துப் பொருத்தமும் உண்டு. இரண்டும் பரம சாது, சுறுசுறுப்பான மீன்கள் உடனிருந்தால் பந்தியில் பட்டினி கிடப்பவை. சங்கடமெல்லாம் போஜனத்தில்தான். பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா பக்கத்துப் பவளப்பாறைகளில் பிறந்து, செதிலுக்குப் பதிலாகத் துர்நாற்றமுள்ள வழுவழுப்பையே கவசமாகப் பூண்டு திரியும் மாண்டரின், கல்லிடுக்கில் ஊரும் கோப்பிபாடு என்கிற நுண்ணிய ஜந்துவை உயிரோடு கொத்தித் தின்னுமேயன்றி, தாங்கள் தூவும் உலர்ந்த தீனியைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. கடற்குதிரைக்கோ பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை, ஆதலால் நாள் முழுதும் சின்னஞ்சிறு இறாலினங்களை உறிஞ்சிக்கொண்டே இருப்பது அதன் தலைவிதி. புதுத் தொட்டியில் கோப்பிபாடு பெருகி நிலைக்கவே பல மாதங்கள் ஆகும். அதிலும் குதிரை பங்கு கேட்கும்.

இதெல்லாம் போகட்டும். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்ந்து, மனைவிக்குப் பதிலாகத் தானே கர்ப்பம் தாங்கிப் பிரசவிக்கும் அந்த உத்தம புருஷனை, 2001-இல் நம் சர்க்கார் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக உட்கார்த்தி வைத்துவிட்டபடியால், நம் கடலில் பிடித்ததை வாங்கினால் தொட்டிக்குள் குதிரையும் கம்பிக்குள் தாங்களுமாக இருக்க நேரிடலாம். உப்பு நீரும் கேட்காத, வக்கீலும் கேட்காத கப்பி மீன் போதாதா? அது குட்டி போடும் வேகத்தில், அடுத்த கேள்வி இரண்டாவது தொட்டியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.