மண்டப வரிசை

பக்கத்துக் கோவில்பட்டி ஹாக்கி ஊர். எட்டயபுரம் டீக்கடையிலோ கால்பந்து, அதுவும் வாயால். மான்செஸ்டர் யுனைடெட் கோச் ஃபெர்குசனின் 13 லீக் பட்டங்களை வருஷவாரியாக ஒப்பித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். "ரஹீமைத் தெரியுமாடே?" என்றேன். "ரஹ்மானாண்ணே?" என்றான்.

1951, 1962 ஆசியப் போட்டிகளில் தங்கம்; 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இத்தனையும் இந்தியாவுக்கு வாங்கித் தந்த கோச், ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். 1962 ஜகார்த்தா தங்கத்துக்கு மறுவருஷமே புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். 2024இல்தான் அவரைப் பற்றி 'மைதான்' படம் வந்தது. இசை, ஏ.ஆர்.ரஹ்மான். பையனுக்குப் பாதி மார்க் போடலாம்.

அவனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 1921இல் இறந்த பாரதிக்கு இந்த ஊரில் மணிமண்டபம் திறந்ததே 1947இல். கவிஞருக்கு 26 வருஷம், கோச்சுக்கு 61. நம்மூரில் பாராட்டு நிச்சயம் உண்டு. செத்துப்போன சான்றிதழ் மட்டும் இணைக்க வேண்டும்.