காசில்லாமல் கோழி வளர்த்த கதை

கடையில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிற சாமானை வீட்டிலேயே 500 ரூபாயில் செய்து முடிக்கிற கைராசி எனக்கு உண்டு. கொல்லைக்கு நாலைந்து சிறுவிடைக் கோழிகள் வந்து சேர்ந்த பிறகுதான் அது முழுசாக வெளிப்பட்டது.

முதலில் தண்ணீர். காலி பெயின்ட் வாளி ஒன்று, அதைவிட அகலமான தட்டு ஒன்று. வாளியின் வாய்ப்பக்கம் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, தட்டை மேலே வைத்துக் கவிழ்த்துவிட்டால் கோழி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தானாக இறங்கும். ஓட்டை தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டில் ஏறும் தண்ணீர் ஓட்டையை மூடியதும் உள்ளே காற்று புக வழியில்லாமல் நின்றுவிடும். இத்தோடு விட்டிருக்கலாம். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் திக்கித் திக்கி விழும், எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால் சீராக ஊற்றும் என்று தெரிந்தவன் ஆயிற்றே நான்! கவிழ்ந்திருந்த வாளியின் மண்டையில் ஆணி வைத்து அடித்தேன். காற்று தாராளமாக உள்ளே போனது. தண்ணீர் அதைவிடத் தாராளமாக வெளியே வந்தது. அந்த வாரம் எங்கள் கொல்லையில் செழித்தது வாழைக்கன்று மட்டும்தான்.

தீவனத்துக்கு 4 அங்குல பிவிசி பைப்பை நிறுத்தி, அடியில் எல்போ மாட்டினேன். மேலே கொட்டினால் கீழே வந்துகொண்டே இருக்க வேண்டும். கம்பும் குருணையும் வந்தன. தவிடு பாதி வழியில் இறுகி நின்றுகொண்டது. பைப்பைத் தட்டத் தட்ட ஒன்றும் வராது. ஓங்கித் தட்டினால் எல்லாம் ஒரேயடியாக வரும். வாய் வேறு தரையோடு தரையாக இருந்தது. கோழி குனிந்து தின்னும் பிராணி அல்ல, கிளறித் தின்னும் பிராணி. தீவனத் தொட்டியின் விளிம்பு அதன் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதெல்லாம் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் எலிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இதெல்லாம் சில்லறை. பெரிய சாதனை முட்டை பொரிக்கும் பெட்டி.

மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், 37.5 டிகிரி செல்சியஸ் சூடு, 21 நாள். முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, 18ஆம் நாள் வரை புரட்டிக்கொடுக்க வேண்டும். குறி போட்டதில் ஒரு குறையும் இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தலாமே என்று மாட்டியது எல்இடி பல்பு. பெட்டிக்குள் ஜெகஜ்ஜோதி, சூடு மட்டும் இல்லை. அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “வெளக்கு நல்லாத்தேன்டா எரியுது, முட்டைதேன் நடுங்குது” என்றது.

ஊரெல்லாம் அலைந்து ஒரு பழைய குண்டு பல்பு வாங்கி மாட்டினேன். சூட்டை அளக்க, வீட்டில் சும்மா கிடந்த பாதரசக் காய்ச்சல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். எப்போது பார்த்தாலும் 100 டிகிரி பாரன்ஹீட். அசையவே அசையாது. இரவெல்லாம் மின்சாரம் போன மறுநாள் காலையிலும் அதே 100. பெட்டி செய்த அழகைப் பார் என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன். காய்ச்சல் தெர்மாமீட்டரில் ஏறிய பாதரசம் உதறினால் ஒழிய இறங்காது. ஜுரம் வந்த பிள்ளையின் வாயிலிருந்து எடுத்து எத்தனையோ முறை உதறியிருக்கிறேன். முட்டைக்கு உதறத் தோன்றவில்லை. 21ஆம் நாள் தாண்டியதும் பெட்டி தன் முடிவை வாசனையாக அறிவித்தது. அத்தனையும் கூமுட்டை.

மிச்ச முட்டைகளை அப்பத்தா எடுத்துக்கொண்டது. பழைய கூடையில் மணல், மேலே வைக்கோல். ஓரத்தில் ஒரு அடுப்புக்கரித் துண்டு, ஒரு வரமிளகாய், ஒரு இரும்பு ஆணி. இடி இடித்தால் முட்டை கலங்காதாம். இதில் எது எதற்கு வேலை செய்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அடைக்கோழியை மேலே உட்கார வைத்ததோடு சரி. மின்சாரம் போனதும் வந்ததும் கோழிக்குத் தெரியாது. பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் வேண்டிய 35 டிகிரி சூட்டையும் அதுவே இறக்கைக்குள் வைத்திருந்தது. பகலில் பருந்துக்கும் காகத்துக்கும் பயந்து குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்தோம். காற்று வரும், வெளிச்சம் வரும், பூனை வராது. இப்படி ஒரு சாமானை நான் செய்யாமல் போனதால்தான் அது இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

குஞ்சுத் தீவனத்தில் இன்னொரு முறை தலையைக் கொடுத்தேன். மண்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து மாலையில் தரையில் கவிழ்த்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்குக் காசில்லாத புரதம். அருமையான யோசனை, சந்தேகமே இல்லை. பானையை நிழலாக இருக்கட்டுமே என்று வீட்டு நிலைக்கதவை ஒட்டி வைத்ததும், இரண்டு நாள் ஊருக்குப் போனதும் என் பங்கு. தச்சர் கூலி இன்னும் பாக்கி இருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தில் மட்டும் நான் கைவைக்கவில்லை. அதைக் கால்நடை மருந்தகத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவார்கள். விட்டோம். கோழிகள் உயிரோடு இருக்கின்றன.

மண்டை ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்த பிறகு வாளி ஒழுங்காக வேலை செய்கிறது. நீங்களும் செய்து பாருங்கள். தெர்மாகோல் பெட்டி பரணில் கிடக்கிறது. வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன். பல்பையும் தெர்மாமீட்டரையும் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.