பிரதட்சணக் கொடி

நேற்று ராத்திரி சித்தப்பாவிடமிருந்து மறுபடியும் அதே வாட்ஸப் செய்தி. பீகாரில் ஒருவர், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடியைப் போட்டு, அதன் தளிரைக் கிலோ லட்ச ரூபாய்க்கு விற்கிறாராம். கீழே சித்தப்பாவின் கைவரிசை: "ஏண்டா, நீ பீர் காய்ச்ச கொல்லையில வெச்சிருக்கியே, அதானே இது? சொல்லவேயில்ல!"

2021-இல் கிளம்பிய புரளி. நிருபர் ஒருவர் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார், ஹாப்ஸே இல்லை. இதை நாலு தடவை சொல்லியாயிற்று. போகட்டும், என் கொல்லையின் உண்மையான வரவு செலவைக் கடைசியில் சொல்கிறேன். சிரிக்காதீர்கள், உங்கள் மொட்டைமாடியிலும் நாற்பது ரூபாய்த் தக்காளிக்கு நாலாயிரம் ரூபாய்த் தொட்டி இருக்கும்.

மூன்று வருடம் முன்பு, இங்கே அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில், மஞ்சள் கிழங்கு மாதிரி ஒரு ஹாப்ஸ் வேர்த்துண்டு வாங்கி நட்டேன். கேஸ்கேட் ரகம். 1972-இல் வெளிவந்தது, இந்த ஆரிகன் மண்ணின் மைந்தன். தப்பு, மகள். பீருக்கான பூ பெண்கொடியில்தான். ஆண்கொடியை யாரும் வீட்டில் சேர்ப்பதில்லை. என் மனைவி இந்தத் தகவலை ரசித்த அளவுக்கு பீரை ரசித்ததில்லை.

முளை ஓரடி வந்ததும் சணல் கயிற்றில் சுற்றிவிட்டேன். காலையில் தரையில் கிடந்தது. மறுபடி சுற்றினேன். மறுபடி தரை. காற்று என்றேன். பிறகு ஒரு வாரம் அணிலைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், ஹாப்ஸ் பிரதட்சணமாகத்தான் சுற்றுமாம். கோயிலில் நாம் சுற்றுகிற அதே திசை. பக்கத்துப் பாத்தி பீன்ஸ் அப்பிரதட்சணம். அதில் பழகிய கை என்னுடையது. இத்தனை வருடம் பிள்ளையாரைச் சுற்றியவனுக்கு ஒரு கொடியைச் சுற்றத் தெரியவில்லை.

இப்போது தினம் காலை, காபி டம்ளரும் கையுமாக, "இந்தப் பக்கம்மா, இந்தப் பக்கம்" என்று நுனியைத் திருப்பிவிடுகிறேன். தண்டெல்லாம் பொடிக் கொக்கிகள். முன்கை முழுக்கக் கீறல். பூனை வளர்க்கிறாயா என்று ஆபீஸில் கேட்டார்கள். ஆமாம் என்றேன், விளக்குவதைவிட அது சுலபம். போன வாரம் ஒரு நுனி மாடி ஜன்னல் வரை வந்து, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அந்தரத்தில் வட்டம் போட்டது. அதுவும் பிரதட்சணமாக. நாற்காலி போட்டு உட்கார்ந்து சரிபார்த்தேன். டார்வின்கூட ஹாப்ஸ் தொட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இராப்பகலாகப் பார்த்திருக்கிறார். ஒரு சுற்றுக்குச் சராசரி 2 மணி 8 நிமிடம் என்று எழுதியும் வைத்தார். அவர் அப்போது உடம்பு முடியாமல் அறையோடு கிடந்தார். எனக்கு என்ன கேடு?

போன ஆகஸ்டில் பூ வந்தது. ஒன்றைப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று மஞ்சள் பொடி, நாரத்தங்காய்த் தோல் வாசனை. கொசுவலையில் பரப்பிக் காயவைத்தேன். எடை ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. கசப்பு எவ்வளவு என்று ஆய்வகத்தில் கொடுத்தால்தான் தெரியும். ஆகவே கசப்புக்குக் கடை ஹாப்ஸ். வீட்டுப் பூ, இறக்குகிற நேரத்தில் ரசத்துக்குக் கொத்தமல்லி மாதிரி.

வரவு செலவு சொல்கிறேன் என்றேன் அல்லவா? இருங்கள், அந்த ஜன்னல் நுனி அவிழ்ந்து தொங்குகிறது. யாரோ அப்பிரதட்சணமாகச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.