அட்டவணையார்

தாம்பரத்திலிருந்தே புறப்படும் கடற்கரை மின்ரயிலில் ஏறுபவருக்கு ஜன்னலோரம் உண்டு. சானடோரியத்தில் ஏறினால் பெஞ்சின் நுனி கிடைக்கும். குரோம்பேட்டையில் ஏறினால் தொங்கக் கைப்பிடி. பழவந்தாங்கலில் ஏறுபவருக்கு இறைவன் துணை. நம் அட்டவணையார் ஜன்னலோரக் கட்சி. மடியில் கனம் உண்டு, ஆனால் வழியில் பயம் இல்லை. அந்த மடிக்கணினிக்குள் 312 கதைகள் இருக்கின்றன. எழுதிய கதைகள் அல்ல, எழுதப்போகிற கதைகள்.

கிண்டியில் வேலை. மாதக் கடைசியில் மேலதிகாரிக்கு வண்ண வண்ண வரைபடம் காட்டினால் சம்பளம். மற்ற நாட்களில் எழுத்தாளர். இவரைப்போல சேலையூரில் ஒருவர், மேடவாக்கத்தில் இருவர், பெருங்களத்தூரில் அடுக்ககத்துக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனால் எல்லோரையும் ஒரே இடத்தில், 'கதை எழுதுவது எப்படி' அடுக்கின் முன்னால் பார்க்கலாம்.

"நமக்குத் தோணுற கதைய நாமே அலசிப் பார்க்கணும் சார். டேட்டா பொய் சொல்லாது" என்பார். எக்செல்லைத் திறந்தால் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு வரிசை. தோன்றிய நாள், இடம், மழை உண்டா, சாவு உண்டா, மெய்ப்பாடு என்ன என்று பத்திகள் போகும். மெய்ப்பாட்டில் தட்டினால் நகை முதல் உவகை வரை எட்டும் விழும்.

"தொல்காப்பியர்தான் முதல் டேட்டா அனலிஸ்ட் சார். எட்டு மெய்ப்பாடு, ஒண்ணொண்ணுக்கும் நாலு காரணம், ஆக 32. குறிஞ்சின்னா யாமம், முல்லைன்னா மாலை. இது டிராப்டவுன் இல்லாம வேற என்ன?"

வாயடைத்துப் போவேன். மனிதர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்ன, அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு சங்கத்தார் 2381 பாட்டுகளையும் பாடிவிட்டுப் போனார்கள். 1913-ல் மார்க்கோவ் என்ற ரஷ்யக் கணித மேதை புஷ்கினின் செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று கையாலேயே எண்ணினார். அவருக்கும் ஒரு வசதி இருந்தது. புஷ்கின் எழுதி முடித்திருந்தார்.

அட்டவணையாரின் ஆராய்ச்சி முடிவுகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. 312 யோசனைகளில் பாட்டி சாவது 74. அதில் மழை பெய்வது 61. "பாட்டி செத்தா மழை வர வாய்ப்பு 82 சதவீதம்" என்று வானிலை அறிக்கை போலச் சொன்னார். நாயகன் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது 97. "இது மட்டும் ஏன்னு புரியல சார்" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடைசிப் பத்தி 'நிலை'. தட்டினால் யோசனை, பரிசீலனை, மறுபரிசீலனை என்று மூன்று விழும்.

"முடிந்ததுன்னு ஒண்ணு காணோமே?"

"வீட்லயும் அதத்தான் கேட்டாங்க. தேவைப்படுறப்ப சேர்த்துக்கலாம் சார். ஒரு நிமிஷ வேலை."

போன வாரம் திரிசூலம் தாண்டும்போது உச்சுக் கொட்டினார். எட்டிப் பார்த்தேன். 187-ஆம் வரிசை மட்டும் மழைக்கு ஊறிய சுவர்போலப் புடைத்துக்கொண்டு நின்றது. மற்ற குறிப்புகளெல்லாம் ஏழெட்டுச் சொல். இது மட்டும் 640.

மெதுவாகப் படித்தேன். 2015 டிசம்பர், முடிச்சூர். அடையாறு தெருவுக்குள் வந்த ராத்திரி. அட்டவணையார் கைக்குழந்தையோடு மொட்டை மாடியில். கீழே, சாயங்காலம் அரைத்துவைத்த இட்லி மாவுப் பாத்திரம் ஒரு சொட்டு சிந்தாமல் மிதந்து, வாசற்படியைத் தாண்டி, கேட்டில் ஒருமுறை முட்டி, வழி கேட்டுக்கொண்டதுபோல இடப்பக்கம் திரும்பிப் போகிறது. எதிர்மாடிப் பாட்டி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கத்துகிறாள்: "ஏண்டா, மாவ மூடி வைக்கக் கூடாதா? மழைத்தண்ணி விழுந்தா புளிக்குமா?" இடுப்பளவு வெள்ளத்தில் தெருவே சிரிக்கிறது.

பாட்டி சாகவில்லை. மெய்ப்பாடு கட்டம் காலி. நிலையும் காலி.

"சார், இது…" என்று ஆரம்பித்தேன். தொண்டை அடைத்தது.

"தெரியும் சார். என்னிக்கோ தூக்கம் வராம அடிச்சது. எந்த வகையிலயும் உக்கார மாட்டேங்குது. அவுட்லையர். இது ஒண்ணால சராசரியே கெடுது."

வலது சொடுக்கு. நீக்கு. வரைபடம் ஒருமுறை நெளிந்து சமமானது.

"இப்பப் பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்கு!"

கிண்டியில் இறங்கிப் போனார். வண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முடிச்சூரில் கிளம்பிய பாத்திரம் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.